பூர்வோத்தரமும் உத்தியோகமும்

சர்க்கார் உத்தியோகம் கிடைத்திருப்பதாக ஒரு வீட்டிற்கு உத்தரவு வந்து சேரும் நாள், அவ்வீட்டாருக்குத் தீபாவளியினும் பெரிய நாளாகும். பல வருஷங்கள் விளக்கெரித்துப் படித்த பிள்ளை, ஆயிரமாயிரம் பேரோடு போட்டியிட்டுப் பரீட்சையில் தேறி, உத்தரவைக் கையில் வாங்குகிறான். தாயார் சுவாமிக்குத் தேங்காய் உடைக்கிறாள். தகப்பனார் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வருகிறார். அந்த உத்தரவோடு கூடவே மற்றொரு காகிதமும் வந்திருப்பதை அச்சமயம் எவரும் பொருட்படுத்துவதில்லை. உத்தியோகத்தில் சேருகிறவனுடைய பூர்வோத்தரத்தை விசாரிக்கும் படிவம் அது. ஆபீசுகளில் 'அட்டெஸ்டேஷன் பாரம்' என்று வழங்குவது அதுவே. பத்து நிமிஷத்தில் பூர்த்தி செய்து கையெழுத்திட்டு அனுப்பப்படும் அக்காகிதம், பல வருஷங்களுக்குப் பின்னும் ஒருவனுடைய ஜீவனத்தைப் பறித்துவிடக்கூடும் என்பதை நமது வாலிபர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அதை வாங்கிப் பார்க்கும் அதிகாரிகளில் பலரும், தங்கள் கையில் இருப்பது எவ்வளவு கூரிய ஆயுதம் என்பதை எண்ணி நடப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இவ்விஷயத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவது நமது கடமையென்று கருதுகிறோம்.

விசாரணை வேண்டியதே

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு மேலே செல்வோம். ஒருவனை உத்தியோகத்தில் அமர்த்துமுன், அவன் இதற்குமுன் எங்கே வேலை பார்த்தான், ஏன் விலகினான், எவ்வாறு நடந்துகொண்டான் என்று கேட்பதற்குச் சர்க்காருக்குப் பூரண உரிமை உண்டு. கேட்காமல் விடுவது கடமை தவறியதாகும். வீட்டுக்கு ஒரு சமையற்காரரை வைத்துக்கொள்வதானாலும், முன்பு அவர் இருந்த வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்துக்கொண்ட பிறகே சாவியை ஒப்படைக்கிறோம். அங்ஙனமிருக்க, ஜனங்களின் வரிப்பணம் கிடக்கும் கஜானாவையும், குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தையும், நோயாளிகள் கிடக்கும் ஆஸ்பத்திரியையும், போலீஸ்காரரின் துப்பாக்கியையும் விசாரியாமல் ஒருவன் கையில் ஒப்படைக்கலாமா? ஓர் இலாகாவில் பணத்தைக் கையாடி நீக்கப்பட்டவன், ஊரை மாற்றிக்கொண்டு மற்றோர் இலாகாவில் புகுவானாயின், அதன் நஷ்டத்தைச் சுமப்பவர்கள் ஜனங்களே. பொய்யான அனுபவப் பத்திரத்தைக் காட்டி ஒருவன் ஸ்தானத்தைக் கைப்பற்றினால், அந்த ஸ்தானத்திற்கு உரிய யோக்கியன் ஒருவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மறக்கலாகாது.

நமது பெரியோர் இதை நன்கறிந்திருந்தனர். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. குணத்தையும் ஆராய வேண்டும், குற்றத்தையும் ஆராய வேண்டும், இரண்டில் எது மிகுதியோ அதைக்கொண்டு ஆளை மதிப்பிட வேண்டும் என்பது அங்கே வள்ளுவர் கூறும் முறை. குற்றமே இல்லாதவர் கற்றோரிடையேயும் அரியர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவன்மீது ஐயங்கொள்வதும் ஆகிய இரண்டுமே தீராத துன்பத்தைத் தரும் என்று எச்சரிக்கிறார். ஆராய்ச்சிக்குரிய காலம், ஏற்றுக்கொள்வதற்கு முந்திய காலம். நாம் இக்கட்டுரையில் கூற வந்ததன் சாரம் இதுவே. ஆனால் இன்று நடப்பது என்ன?

படிவம் என்ன கேட்கிறது?

மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேருகிறவர்கள் பூர்த்தி செய்யும் படிவத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி ஐந்து வருஷங்களில் வசித்த இடங்கள், படித்த பள்ளிகள், சர்க்கார் ஸ்தாபனத்திலோ தனியாரிடத்திலோ பார்த்த உத்தியோகங்கள், அவற்றின் தேதிகள், விலகிய காரணம் ஆகியவற்றை அது கேட்கிறது. முன் உத்தியோகம் சர்க்காரைச் சேர்ந்ததாயிருந்து, நோட்டீஸ் கொடுத்து விலகியிருந்தால், அச்சமயத்தில் ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் எடுக்கப்பட்டிருந்ததா, நடத்தையைப் பற்றி விளக்கம் கேட்கப்பட்டிருந்ததா என்றும் வினவுகிறது. கைதானதுண்டா, வழக்கு நிலுவையில் உண்டா என்று கேட்கிறது. ஊரில் தன்னை அறிந்த பொறுப்புள்ளவர் இருவரின் பெயரையும் கேட்கிறது. பொய்யான தகவலைக் கொடுத்தாலும், உண்மையை மறைத்தாலும் உத்தியோகத்திற்குத் தகுதியற்றவனாகக் கருதப்படுவான் என்ற எச்சரிக்கை படிவத்தின் தலைப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. பிறகு அப்படிவம் ஜில்லா அதிகாரிகளுக்கும் போலீசாருக்கும் செல்கிறது. அவர்கள் அனுப்பும் அறிக்கையைப் பொறுத்து உத்தியோகம் நிலைக்கும், அல்லது போகும்.

இந்த ஏற்பாட்டில் கேள்வி கேட்பதைப் பற்றி நமக்குக் குறையில்லை. பதில் வந்த பிறகு அதை எவர் எடைபோடுகிறார், எந்தத் தராசில் எடைபோடுகிறார், எப்பொழுது எடைபோடுகிறார் என்பவற்றிலேதான் அநீதி புகுகிறது.

சுரேந்திரநாதர் கண்ட அனுபவம்

பழைய உத்தியோகத்தின் நிழல் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் துரத்தக்கூடும் என்பதற்கு நமது தேச சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சுரேந்திரநாத் பானர்ஜி 1869-ல் லண்டனில் ஐ.ஸி.எஸ். பரீட்சையில் தேறினார். உடனே அவருடைய வயதைப் பற்றி ஆட்சேபம் கிளம்பிற்று. கல்கத்தா சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சைக்கு அவர் கொடுத்திருந்த வயதும், இப்பொழுது கூறும் வயதும் பொருந்தவில்லையென்று அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினர். உண்மை என்னவெனில், நம்மவர் 'பதினாறு நடக்கிறது' என்று சொல்வதுபோல் வங்காளத்திலும் நடக்கிற வயதைச் சொல்வது வழக்கம். ஆங்கிலேயரோ முடிந்த வயதைக் கணக்கிடுவர். மோசடி எதுவும் இல்லை. இரண்டு தேசத்தாரின் எண்ணும் வழக்கம் வேறு. அவர் இங்கிலாந்து நீதிஸ்தலத்தை நாடினார். அதன் பின்னரே அவர் பெயர் மீண்டும் பட்டியலில் ஏறிற்று.

1871-ல் ஸில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட்டாக அமர்ந்தார். ஒரு வழக்கின் பதிவில் நேர்ந்த தவறைக் காரணமாகக் காட்டி, அவர் நேர்மையின்றி நடந்தாரென்று குற்றஞ்சாட்டி, 1874-ல் அவரை உத்தியோகத்திலிருந்தே நீக்கிவிட்டனர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அத்தவறைச் செய்திருந்தால் ஒரு கண்டனத்தோடு போயிருக்கும் என்பது அக்காலத்திலேயே பலருடைய அபிப்பிராயமாக இருந்தது. அவர் மறுபடி லண்டன் சென்று முறையிட்டார், பயனில்லை. சரி, பாரிஸ்டராவோம் என்று எண்ணினார். உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டவர் என்ற ஒரே காரணத்தால் அந்த வாசலும் அடைக்கப்பட்டது. பழைய எஜமானன் எழுதிய வரியே புதிய வாசலில் தீர்ப்பாகிவிட்டது. அந்த வரி சரிதானா என்று விசாரிக்க எவரும் முன்வரவில்லை.

தாயகம் திரும்பிய அவரை ஈசுவரசந்திர வித்தியாசாகரர் தமது மெட்ரொபாலிடன் கலாசாலையில் ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். வித்தியாசாகரர் அவருடைய பூர்வோத்தரத்தை அறியாதவரல்லர்; நாடே அறிந்திருந்தது. அறிந்தும், ஆளை எடைபோட்டு ஏற்றுக்கொண்டார். அவ்வாசிரியர் 1895-லும் 1902-லும் காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்தார். நீக்கிய சர்க்காரின் கீழேயே 1921-ல் வங்காள மாகாண மந்திரியானார். ஒரு கலாசாலைத் தலைவர் செய்த விவேகமான காரியத்தை ஒரு பெரிய சாம்ராஜ்யத்தால் செய்ய முடியவில்லை! சுரேந்திரநாதர் பெரிய மனிதராகையால் வென்றார். அவரைப்போல் வாசல் அடைபட்டுப் பெயரில்லாமற் போனவர்கள் எத்தனை பேரோ, யார் கண்டது?

ரகசிய அறிக்கையின் ஆபத்து

அந்நிய ஆட்சியில் தேசபக்தனுடைய வீட்டுப் பிள்ளைக்குச் சர்க்கார் வாசலில் இடமில்லாதிருந்தது ஆச்சரியமன்று. ரகசிய போலீசாரின் இரண்டு வரிக் குறிப்பு ஒருவனுடைய ஜாதகத்தை மாற்றிவிடும். 1947-க்குப் பிறகு அந்த வழக்கம் ஒழிந்துவிட்டதா? மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி ஆசிரியர். முனிசிபல் பள்ளியொன்றில் வேலை பார்த்து வந்தார். 1971-ல் அப்பள்ளியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பூர்வோத்தர விசாரணைக்கு உட்பட்டு அவரையும் சர்க்கார் உத்தியோகத்தில் சேர்த்துக்கொண்டது. அவர் முன்பு சில அரசியல் ஸ்தாபனங்களின் காரியங்களில் கலந்துகொண்டவர் என்று போலீஸ் அறிக்கை வந்தது. 1974-ல் வேலை போய்விட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் சென்றது. 1983-ல் ஜஸ்டிஸ் சின்னப்ப ரெட்டி தீர்ப்புக் கூறி, சர்க்காரின் அப்பீலைத் தள்ளினார். சர்க்கார் உத்தியோகம் என்ன, தேவதூதர்கள் மட்டுமே புகத்தக்க சுவர்க்கமா என்று அத்தீர்ப்பு கேட்டது. ஒருவருடைய பழைய அரசியல் அபிப்பிராயத்தைப் பற்றிப் போலீசார் எழுதும் குறிப்பைக் கொண்டு அவருடைய ஜீவனத்தைப் பறிப்பது, நமது அரசியல் சட்டம் அளித்த சுதந்திரங்களுக்கு முரணானது என்று ஸ்பஷ்டமாகக் கூறிற்று. அந்த ஆசிரியரின் கட்சியை நாம் ஏற்கிறோமா இல்லையா என்பது இங்கே கேள்வியன்று. நமக்குப் பிடிக்காத கட்சிக்காரனுக்குச் செய்யப்படும் அநீதியே, நாளை நமக்குச் செய்யப்படும் அநீதிக்கு முன்மாதிரியாகிறது.

இந்த நோய் நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சுதந்திரத்தின் தாயகம் என்று புகழப்படும் அமெரிக்காவில், 1947 மார்ச்சில் பிரஸிடெண்டு ட்ரூமன் 9835-ஆம் நம்பர் உத்தரவைப் பிறப்பித்தார். சர்க்கார் சிப்பந்திகள் யாவருடைய ராஜ விசுவாசத்தையும் விசாரிக்க வேண்டுமென்பது உத்தரவு. டோரதி பெய்லி என்னும் மாது 1939 முதல் 1947 வரையில் அந்நாட்டு மத்திய சர்க்காரின் வேலைவாய்ப்பு இலாகாவில் பணியாற்றியவர். ஆட்குறைப்பில் விலகி, 1948-ல் திரும்பச் சேர்ந்தார். மீண்டும் சேருவதற்காக நடந்த விசாரணையில், அவரைப் பற்றி எவரோ சிலர் எதையோ சொல்லியிருந்தனர். அவர்கள் யார் என்பது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. தாம் குற்றமற்றவரென்று பிரமாணம் செய்தார், சாட்சிகளையும் கொணர்ந்தார். வேலை போயிற்று. மூன்று வருஷத்திற்கு மத்திய சர்க்கார் உத்தியோகமே கூடாதென்ற தடையும் விழுந்தது. 1951-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்தனர்; அதனால் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பே நின்றுவிட்டது. முகந்தெரியாதவன் சொல்லுக்குப் பதில் சொல் என்றால், எவரால் சொல்ல முடியும்?

அதே அமெரிக்கா பிற்பாடு ஒரு நல்ல பாடத்தையும் கற்றுக்கொண்டது. வேலைக்கு விண்ணப்பித்தவரைப் பற்றி வெளி ஸ்தாபனங்களிடம் விலைகொடுத்து வாங்கும் அறிக்கைகளைப் பற்றி 1970-ல் இயற்றிய சட்டத்தை 1996-ல் திருத்தினார்கள். அத்தகைய அறிக்கையை வைத்து ஒருவரை நிராகரிப்பதாயிருந்தால், நிராகரிக்குமுன் அந்த அறிக்கையின் பிரதியை அவரிடமே கொடுக்க வேண்டும் என்பது திருத்தம். எவ்வளவு எளிய காரியம்! உன்னைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்கள், இதற்கு உன் சமாதானம் என்ன என்று கேட்பதற்கு எந்தச் சர்க்காருக்கும் அதிகச் செலவாகாது.

சட்டம் இப்பொழுது நிற்கும் இடம்

நமது சுப்ரீம் கோர்ட்டு இவ்விஷயத்தில் நீண்ட பாதையைக் கடந்து வந்திருக்கிறது. 2003-ல் ஒரு கேந்திரிய வித்தியாலய தேகப்பயிற்சி ஆசிரியர் வழக்கில், கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்ததை அவர் படிவத்தில் மறைத்ததற்காக வேலை நீக்கம் செய்தது சரியென்று கூறிற்று. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, தாம் ஹிந்தியில் படித்தவர் என்ற சமாதானம் எடுபடவில்லை. 2005-ல் ஆந்திரப் போலீஸ் வேலைக்குத் தேர்வான ஒருவர் வழக்கில், தண்டனை அடைந்ததுண்டா என்று மட்டும் படிவம் கேட்டிருக்கையில், கைதானதை அவர் சொல்லவில்லையென்று குறை கூறுவது தகாது என்றது. கேளாத கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்று ஒருவனைத் தண்டிக்க முடியாதல்லவா?

2016 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, அவதார் சிங் என்பவரின் வழக்கில், முந்திய தீர்ப்புக்களையெல்லாம் திரட்டி வழிமுறைகளை வகுத்தது. அவற்றின் கருத்தைச் சுருக்கமாகக் கூறுவோம். படிவத்தில் கூறுவது உண்மையாயிருக்க வேண்டும், மறைக்கலாகாது. ஆயினும், மறைத்தது வெளிப்பட்டவுடன் கண்ணை மூடிக்கொண்டு வேலையைப் பறிக்காமல், விஷயத்தின் தன்மையை அதிகாரி சீர்தூக்க வேண்டும். இளமையில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயமாயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். உத்தியோகத்தில் உறுதி செய்யப்பட்டவரை நீக்குவதாயின் முறையான விசாரணை நடத்தியே தீரவேண்டும். கேள்விகள் தெளிவாயிருக்க வேண்டும். கேட்டதற்குத்தான் பதிலை எதிர்பார்க்கலாம். அதே சமயம், உண்மையைச் சொல்லிவிட்டதனாலேயே ஒருவருக்கு வேலை கொடுத்தாக வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. 2022-ல் ரெயில்வே பாதுகாப்புப் படைக் கான்ஸ்டபிள் ஒருவர் வழக்கிலும், மறைத்தார் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு யந்திரம்போல் வேலையைவிட்டு நீக்கலாகாது என்று மீண்டும் வற்புறுத்தியது.

காலதாமதத்தின் கொடுமைக்கு ஓர் உதாரணம் போதும். மேற்கு வங்காளத்தில் சுகாதார இலாகாவில் கண் வைத்தியப் பிரிவுச் சிப்பந்தி ஒருவர் 1985-ல் சேர்ந்தார். அவரைப் பற்றிய போலீஸ் அறிக்கை இலாகாவுக்கு வந்து சேர்ந்தது எப்பொழுது? 2010-ல்! இருபத்தைந்து வருஷம் பணியாற்றி ஓய்வு நாள் சமீபித்திருந்த சமயத்தில், அவருடைய பிரஜாவுரிமை சரியில்லையென்று சொல்லி நீக்கினார்கள். 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த நீக்கத்தை ரத்து செய்ததோடு, நியமனத் தேதியிலிருந்து ஆறு மாதத்திற்குள் போலீசார் விசாரணையை முடித்து அறிக்கை அனுப்பவேண்டுமென்று எல்லா ராஜ்யங்களுக்கும் கட்டளையிட்டது. தெளிந்தபின் ஐயுறலாகாது என்ற பழந்தமிழ் நீதி, இத்தனை காலங் கழித்துக் கோர்ட்டு உத்தரவாக வந்திருக்கிறது.

ஒரு வாலிபர் கொணர்ந்த நோட்டீஸ்

வக்கீல் தொழிலில் நாம் நேரிற் கண்ட ஒன்றையும் இங்கே கூறுவோம். ஒரு வாலிபர் நம்மிடம் நோட்டீஸ் ஒன்றைக் கொணர்ந்தார். குமாஸ்தா உத்தியோகத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை. அதற்குமுன் தனியார் கம்பெனி ஒன்றில் பதினொரு மாதம் வேலை பார்த்திருக்கிறார். சம்பளப் பாக்கி விஷயமாகத் தகராறு ஏற்பட்டு விலகினார். கம்பெனி விடுவிப்புக் கடிதம் கொடுக்கவில்லை. படிவத்தைப் பூர்த்தி செய்யும்பொழுது, 'கடிதம் இல்லையென்றால் அந்த வேலையையே எழுதாதே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?' என்று ஒரு புத்திசாலி யோசனை சொன்னாராம். இவரும் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார். ஆனால் சேமநிதிக் கணக்கு இருக்கிறதே! 2014 முதல் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் வாழ்நாள் முழுமைக்கும் ஒரே எண் வந்துவிட்டது. எந்த முதலாளியிடம் எந்த மாதம் வேலை பார்த்தார் என்பது அதில் வரிசையாக நிற்கிறது. விஷயம் வெளிப்பட்டது. கம்பெனியைக் கேட்டார்கள். 'சொல்லாமல் ஓடிவிட்டார்' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

"உள்ளதை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும், தம்பி?" என்று கேட்டோம்.

"ஒன்றும் ஆகியிராது, ஐயா. பயந்துவிட்டேன்" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பதினொரு மாதத்தில் மறைக்கவேண்டியது ஒன்றுமே இருக்கவில்லை. மறைத்ததுதான் குற்றமாய் முளைத்தது. சம்பளச் சீட்டுக்களையும், பாக்கியைக் கேட்டு அவர் எழுதிய கடிதங்களின் பிரதிகளையும் சேர்த்து, பயத்தினால் செய்த பிழையென்பதை ஒளியாமல் ஒப்புக்கொண்டு பதில் எழுதிக் கொடுத்தோம். மேலதிகாரி நல்லவர், நேரில் அழைத்துக் கேட்டார், காகிதங்களைத் தாமே புரட்டிப் பார்த்தார். ஒரு எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. ஆனால் அத்தகைய அதிகாரி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 'தங்கள் சேவை இனித் தேவையில்லை' என்ற ஒரே வரி உத்தரவோடு வெளியே வருபவர்கள் பலர். பிறகு ஐகோர்ட்டுக்குப் போய், வருஷங்கள் கழித்து ஜயித்தாலும், அதற்குள் மற்றப் பரீட்சைகளுக்குரிய வயது கடந்துவிடும்.

செய்யவேண்டியவை

குறையைக் கூறுவதோடு நில்லாமல் பரிகாரத்தையும் கூறுவது பத்திரிகையின் கடமை. முதலாவது, படிவத்தின் கேள்விகள் தெளிவாயும், அபேட்சகனுக்குப் புரியும் பாஷையிலும் இருக்கவேண்டும். எத்தனை வருஷத்து உத்தியோக விவரம் வேண்டுமென்பதை வரையறுக்க வேண்டும். பிரிட்டனில் சர்க்கார் உத்தியோகத்திற்குரிய சாதாரணச் சோதனை, முந்திய மூன்று வருஷத்து வேலை விவரத்தோடு நிற்கிறது. ரகசியப் பொறுப்புக்களுக்கு அதிகமாகக் கேட்கலாம். தபால் பட்டுவாடா செய்பவரிடம் அவருடைய ஆயுட்காலச் சரித்திரம் எதற்கு?

இரண்டாவது, விசாரணையைக் கூடியமட்டும் நியமனத்திற்கு முன்பே முடிக்க வேண்டும். கையிலிருக்கும் வேலையை ஒருவன் ராஜிநாமா செய்துவிட்டு வந்தபின், உனக்கு இங்கேயும் இடமில்லை என்று சொல்வது கொடுமையினும் கொடுமை. மூன்றாவது, பாதகமான அறிக்கை எதுவாயினும், அது போலீசாருடையதாயினும் பழைய முதலாளியினுடையதாயினும், சம்பந்தப்பட்டவரிடம் காட்டி அவர் சமாதானத்தைக் கேட்டபின்னரே முடிவு செய்யவேண்டும். பழைய முதலாளி பல சமயங்களில் சாட்சி மட்டுமல்லர், எதிர்க்கட்சிக்காரருமாவார். எதிர்க்கட்சிக்காரர் எழுதியதையே தீர்ப்பாக வைத்துக்கொள்ளும் கோர்ட்டு உலகில் எங்கேனும் உண்டா?

நான்காவது, குற்றத்தையும் ஸ்தானத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும். பணத்தைக் கையாடியவனுக்குக் கஜானா வேலை கூடாது, சரி. முதலாளியோடு சம்பளத்திற்காகச் சண்டையிட்டவன் கணக்கெழுத ஏன் கூடாது? ஐந்தாவது, விலகும் சிப்பந்திக்கு, அவர் பார்த்த வேலையையும் காலத்தையும் குறிக்கும் பத்திரத்தைத் தாமதமின்றிக் கொடுப்பதை முதலாளிகள் யாவருக்கும் கட்டாயமாக்க வேண்டும். 1946-ஆம் வருஷத்துத் தொழிற்சாலை நிலையாணைச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட மாதிரி விதிகளிலேயே, நிரந்தரத் தொழிலாளிக்கு விலகும் சமயத்தில் சேவைப் பத்திரம் பெறும் உரிமை கூறப்பட்டிருந்தது. அந்த உரிமை காகிதத்தோடு நில்லாமல், சிறிய கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் எட்டவேண்டும். விடுவிப்புக் கடிதத்தைப் பிணைபோல் பிடித்துவைத்துக்கொள்ளும் வழக்கம் ஒழியவேண்டும்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை

உத்தியோகம் தேடும் வாலிபர்களே! உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். படிவத்தை ஏஜெண்டிடமோ, டைப் அடிக்கும் கடைக்காரரிடமோ விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் படியுங்கள். பார்த்த வேலை சிறியதாயினும், நடுவிலே முறிந்ததாயினும், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விலகிய காரணத்தை ஒரே வாக்கியத்தில், கோபமின்றி, உண்மையாக எழுதுங்கள். கடிதம் இல்லையென்றால் 'கடிதம் கொடுக்கப்படவில்லை' என்று எழுதி, சம்பளச் சீட்டையோ பாங்குக் கணக்கையோ சேர்த்து வையுங்கள். பூர்த்தி செய்த படிவத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள், இலாகாவின் அனுமதி பெற்று, முறையான மார்க்கமாக விண்ணப்பித்து, அதன்பேரில் ராஜிநாமா செய்யவேண்டும். அங்ஙனம் செய்தவருக்கு முன் சேவை வீணாகாதபடி விதிகள் காக்கின்றன. ஒளித்துக்கொண்டு வந்தவர் அந்தப் பாதுகாப்பையும் இழந்து, பழியையும் சுமக்கிறார். உண்மையைச் சொல்லி ஓர் உத்தியோகத்தை இழந்தால் மற்றோர் உத்தியோகம் கிடைக்கும். பொய் சொல்லிப் பெற்ற உத்தியோகத்தில் ஒவ்வொரு தபாலும் பயத்தையே கொண்டுவரும்.

உண்மையைச் சொல்லுங்கள் என்று வாலிபர்களுக்கு உபதேசிக்கும் உரிமை சர்க்காருக்கு எப்பொழுது ஏற்படும்? உண்மையைச் சொன்னவன் அதற்காகத் தண்டிக்கப்படமாட்டான் என்ற நம்பிக்கையை ஜனங்களிடம் உண்டாக்கிய பின்னரே ஏற்படும். இன்று பிள்ளைகள் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அயோக்கியத்தனமன்று, பயமே. சொன்னால் கேட்பார்கள், கேட்டால் எடைபோடுவார்கள் என்ற நிச்சயம் ஏற்பட்டால், மறைப்பவர் தொகை தானே குறையும். அந்நியன் ஆண்ட காலத்தில், சர்க்கார் நம்மைச் சந்தேகித்தது. நாமும் சர்க்காரைச் சந்தேகித்தோம். இப்பொழுது ஆள்வது நமது சர்க்கார். அதன் வாசலில் நிற்பவன் நமது பிள்ளை. வாசலிலே நிறுத்தி நன்றாகக் கேளுங்கள். கேட்டு, எடைபோட்டு, உள்ளே அழைத்தபின், அவனை நம்புங்கள்.